கழுத்துக் கட்டிக்கு ஓர் எழுத்து!

கழுத்தில் ஒரு கட்டி. ஆபரேஷன் முடிந்தது. கட்டியைச் சோதித்துப் பார்த்தார்கள். "புற்றுநோய் இல்லை" என்றார் டாக்டர். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி!

ஆனால், ஆஸ்பத்திரிச் சீட்டில் "டி 34" என்று எழுதி இருக்கிறது. அது என்ன?

அதுதான் நோயின் குறியீடு.

உலகத்துக்கு ஒரே பட்டியல்

ஒரே நோய்க்கு ஊருக்கு ஒரு பெயர் இருந்தால், கணக்கு எடுப்பது எப்படி? அதற்காக 1893-ம் ஆண்டில் பெர்த்திலோன் என்ற பிரெஞ்சுக்காரர், மரண காரணங்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார். 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் அதைத் திருத்தி வெளியிட்டு வருகிறது. 11-வது பட்டியல் 2022 ஜனவரி 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. ஆனாலும், பல ஆஸ்பத்திரிகளில் 10-வது பட்டியலே இன்னும் இருக்கிறது.

அதில், தைராய்டு சுரப்பியில் வரும் புற்றுநோய்க்கு "சி 73". புற்று அல்லாத கட்டிக்கு "டி 34". எப்படி மாறும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத கட்டிக்கு "டி 44.0".

சின்னச் சுரப்பி, பெரிய தொல்லை

தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் சிறு சுரப்பிகள் உண்டு. பெரும்பாலோருக்கு 4 இருக்கும். அவற்றின் பெயர் பாராதைராய்டு. அங்கே வரும் புற்று அல்லாத கட்டிக்கு "டி 35.1".

புற்று இல்லை என்று இதைச் சும்மா விட்டுவிடலாமா? கூடாது! எலும்பில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை இது இரத்தத்துக்கு இழுத்துவிடும். எலும்பு பலம் இழக்கும். சிறுநீரகத்தில் கல் உண்டாகும்.

பெயர் மாறிய கட்டி

தைராய்டில் வரும் ஒருவகைக் கட்டியை முன்பு புற்றுநோய் என்றே சொன்னார்கள். அது ஓர் உறைக்குள் அடங்கி இருக்கும். உறையைத் தாண்டாத கட்டியை எடுத்துவிட்டால், அது திரும்ப வருவது மிக அபூர்வம் என்று பல நாட்டு டாக்டர்கள் கண்டார்கள். 2016-ம் ஆண்டில் அதன் பெயரில் இருந்து "புற்றுநோய்" என்ற சொல்லை நீக்கினார்கள். உலகத்தில் ஆண்டுக்கு 45 ஆயிரம் பேருக்கு மேல் இதனால் பயன் பெறுவார்கள் என்று மதிப்பிட்டார்கள்.

நன்மை என்ன? வீண் பயம் இல்லை. சுரப்பி முழுவதையும் எடுக்கவேண்டிய தேவை பலருக்கு இல்லை. கதிரியக்க மருந்தும் இல்லை.

ஆனால், பணத்தில் ஒரு சிக்கல்! இந்தியாவில் கடும் நோய் இன்ஷூரன்சுக்கு வகுத்த விதிப்படி, தன்மை உறுதியாகாத கட்டி புற்றுநோய்க் கணக்கில் சேராது.

என்ன செய்யவேண்டும்?

கட்டியைச் சோதித்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதில் உள்ள முடிவும் சீட்டில் உள்ள குறியீடும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவேண்டும். மாறி இருந்தால் டாக்டரிடமே கேட்டுத் திருத்தலாம். கேட்பதில் வெட்கம் எதற்கு?

இருப்பது ஓர் எழுத்துத்தான். அது தவறினால், இல்லாத புற்றுநோய் சீட்டில் ஏறிவிடும். இருக்கும் புற்றுநோய் மறைந்துவிடும்!