'ஹார்மோன் ஊசி' என்பது ஒரு மருந்தின் பெயரன்று

சினை பிடிக்காத பெட்டைக் குதிரையைப் பற்றிய பேச்சு இந்தியாவில் பெரும்பாலும் இரண்டு சொற்களுக்குள் முடிந்துவிடுகிறது: 'மலடு', 'ஹார்மோன் ஊசி'. முன்னது தீர்ப்பு, பின்னது பரிகாரம். இரண்டுமே நடப்பதை மறைக்கின்றன. பந்தயக் குதிரைப் பண்ணைகளின் பதிவேடுகளில் மலட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், சென்ற பருவத்தில் பொலிக்கு விடப்பட்டும் அக்குதிரை சினையாகவில்லை என்பதை மட்டுமே உணர்த்துகிறது. அடுத்த ஆண்டே அக்குறிப்பு மாறலாம். தமிழின் 'மலடு', இந்தியின் 'பாஞ்ச்' ஆகியவற்றுக்கு அத்தகைய காலவரையறை இல்லை. ஒருமுறை அச்சொல் ஒட்டிக்கொண்டால் குதிரை விற்கப்படுகிறது. 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 6 இலட்சத்துக்கு மேலிருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019இல் ஏறத்தாழ 3.4 இலட்சமாகக் குறைந்துவிட்ட நாட்டில், மார்வாரி, கத்தியவாரி போன்ற இனங்களின் ஒவ்வொரு கருப்பையும் கணக்கில் கொள்ளத்தக்கது.

விந்து சேர்ந்தவுடன் குதிரையின் கருப்பையில் அழற்சி தோன்றுவது நோயன்று. குதிரையினத்தில் விந்து நேராகக் கருப்பைக்குள் சென்று சேர்கிறது. நுண்ணுயிரும் அழுக்கும் உடன் செல்கின்றன. வெள்ளணுக்கள் திரள்கின்றன, கருப்பைத் தசைகள் சுருங்கி, அப்போது திறந்திருக்கும் கருப்பை வாய் வழியே கழிவுநீரை வெளியேற்றுகின்றன. நலமான குதிரையில் இப்பணி ஓரிரு நாளில் முடிகிறது. கரு, கருக்குழாயிலிருந்து கருப்பைக்குள் இறங்குவது கருமுட்டை வெளிப்பட்ட ஆறாம் நாளை ஒட்டி. கருப்பை தூய்மையடையக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். பலமுறை ஈன்ற முதிய குதிரைகளிலோ கருப்பை இடுப்பெலும்பின் விளிம்புக்குக் கீழே தொங்கிவிடுகிறது, சுருங்கும் வலுவும் தளர்கிறது. நீர் தேங்குகிறது, வந்திறங்கும் கரு அதில் அழிகிறது. 1969இல் ஹியூஸ், லாய் ஆகிய இருவர் குதிரைகளின் கருப்பைக்குள் பாக்டீரியாவைச் செலுத்தி ஆராய்ந்தபோது, இளங்குதிரைகள் அதைத் தாமே அகற்றிக்கொண்டன. மலடெனப்பட்ட முதிய குதிரைகளால் அது இயலவில்லை. பல குதிரைகளில் குறை கருத்தரிப்பில் இல்லை, வடிகாலில் இருக்கிறது.

இந்நிலையில்தான் 'ஹார்மோன் ஊசி' என்ற பொதுச்சொல் தீங்கு செய்கிறது. ஈஸ்ட்ரோஜன் மிகுந்திருக்கும் சினைப்பருவத்தில் கருப்பை வாய் தளர்கிறது, எதிர்ப்பாற்றல் கூடுகிறது. புரோஜெஸ்ட்ரோன் அதற்கு நேர்மாறு: வாயை இறுக மூடுகிறது, தசையை அமைதிப்படுத்துகிறது, எதிர்ப்பைத் தணிக்கிறது. கருவைக் காப்பதற்கு இவையே தேவை. ஆனால் நீர் தேங்கிய கருப்பைக்கு, சினை தங்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் புரோஜெஸ்ட்ரோன் கொடுப்பது சாக்கடையை அடைத்துவிட்டு வீட்டைக் கழுவுவதற்கு ஒப்பாகும். அங்கு வேண்டப்படுவது ஆக்சிடோசின். இனச்சேர்க்கைக்குச் சுமார் 4 மணி நேரத்திற்குப் பின், அதாவது தேவையான விந்தணுக்கள் கருக்குழாயை எட்டிய பிறகு, 10 முதல் 20 அலகு கொடுத்தால் கருப்பை சுருங்கி நீரை வெளியேற்றும். அதன் விளைவு ஒரு மணி நேரம்கூட நிலைப்பதில்லை. ஆகவே திரும்பத் திரும்பக் கொடுக்கவேண்டியுள்ளது. புரோஸ்டாகிளாண்டின் வகை மருந்து சில மணி நேரம் சுருக்கத்தை நீட்டிக்கும். எனினும் கருமுட்டை வெளிப்பட்டபின் கொடுத்தால், கருவைத் தாங்கவேண்டிய புரோஜெஸ்ட்ரோன் சுரப்பையே அது குறைத்துவிடக்கூடும்.

இன்னும் வியப்பானது, ஆக்சிடோசினே நாள் மாறினால் பொருள் மாறுகிறது. கருமுட்டை வெளிப்பட்ட 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை நாள்தோறும் கூடுதல் அளவில் கொடுத்தால், பல குதிரைகளில் அடுத்த சினைப்பருவமே தள்ளிப்போகிறது. சூழலின்றிச் சொல்லுக்குப் பொருளில்லை என்று மொழியியல் வகுப்பில் கற்பிக்கப்படுவது இங்கே உடலியலாகிவிடுகிறது.

இந்தியப் பொதுப்பேச்சில் ஆக்சிடோசின் என்றாலே பால் சுரக்கவைக்க மாட்டுக்குப் போடும் ஊசிதான் நினைவுக்கு வரும். அந்த முறைகேட்டைக் காரணம் காட்டி, 2018இல் மைய அரசு அதன் உள்நாட்டு உற்பத்தியைப் பொதுத்துறை நிறுவனம் ஒன்றுக்கே ஒதுக்க முனைந்தது. அவ்வாண்டு இறுதியில் தில்லி உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. மருந்தைக் குற்றவாளியாக்கும் மனநிலையும் அதையே சஞ்சீவியாக்கும் மனநிலையும் ஒரே அறியாமையின் இரு முகங்கள்.

எல்லாக் குதிரைகளையும் ஊசி மீட்டுவிடாது. 1978இல் கென்னி வகுத்த திசு ஆய்வுத் தரவரிசையில் கடைநிலைக்கு இறங்கிய கருப்பையில் சுரப்பிகளைச் சுற்றி நார்த்திசு படிந்திருக்கும். எந்த ஹார்மோனும் அதைச் சீராக்குவதில்லை. இதை முன்கூட்டியே உரிமையாளரிடம் சொல்லிவிடுவது நேர்மை. அவருடைய ஓராண்டு வருவாயும், குதிரையின் வீண் வேதனையும் அதனால் மிச்சமாகும்.

ஆகவே ஊசிக்கு முன் ஸ்கேன் வேண்டும். சேர்க்கைக்கு மறுநாளும் ஒருமுறை நீர் தேங்கியுள்ளதா என்று பார்க்கவேண்டும். சிகிச்சைச் சீட்டில் மருந்தின் பெயர், அளவு, சினைப்பருவத்தின் எத்தனையாவது நாள், சேர்க்கைக்கு எத்தனை மணி நேரத்திற்குப் பின் என்ற நான்கும், உரிமையாளர் படிக்கும் மொழியில் எழுதப்படவேண்டும். 'ஹார்மோன் கொடுக்கப்பட்டது' என்று மட்டும் எழுதிய சீட்டைக் கொண்டு அடுத்த மருத்துவர் அந்தக் கருப்பை திறக்கப்பட்டதா மூடப்பட்டதா என்பதைக்கூட அறிய முடியாது.