வாங்காமலும் உட்காரலாம்



சென்னை தி.நகருக்குப் புடவை எடுக்கப் போகும் குடும்பத்தில் ஒருவர் எப்போதும் கடை வாசலிலேயே நின்றுவிடுவார். கையில் நாலு பை, தோளில் தூங்கிப்போன குழந்தை. பக்கத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு பாட்டி. பல காலமாக இவர்களுக்கு அந்த வட்டாரம் கொடுத்த இருக்கை, யாரோ நிறுத்திவிட்டுப் போன ஸ்கூட்டரின் சீட்டுதான். வண்டிக்காரர் வந்தால் அதையும் விட்டு எழுந்துகொள்ள வேண்டும்.

2019 நவம்பரில் அங்குள்ள பாண்டி பஜாரில் இந்த நிலை மாறியது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஏறக்குறைய 40 கோடி ரூபாய் செலவில், பாண்டி பஜார் என்று அழைக்கப்படும் தியாகராயா சாலையின் இருபுறமும் நடைபாதையை அகலப்படுத்தி, கல் பதித்து, உட்காரப் பலகை போட்டு, விளக்கு வைத்துத் திறந்தார்கள். வாகனங்களை முழுக்க நிறுத்திவிடவில்லை. அவற்றுக்கான இடத்தைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். அதற்கே எத்தனை எதிர்ப்பு! கார் நிறுத்த இடமில்லாவிட்டால் வாடிக்கையாளர் வேறு பக்கம் போய்விடுவார் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். தற்காலிகத் தடுப்புகளை வைத்து ஒத்திகை பார்த்துக் காட்டிய பிறகுதான் நிரந்தர வேலை தொடங்கியது.

அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். முதல் போட்டவருக்குத்தான் அதன் வலி தெரியும். ஆனால் பயப்பட்டவர்கள் பாண்டி பஜார்க்காரர்கள் மட்டும் இல்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 1962-ல் ஸ்ட்ரோகெட் என்ற கடைத்தெருவில் கார் போக்குவரத்தைத் தடை செய்தபோது, 'இந்தக் குளிரில் எவன் வீதியில் உலாவுவான்?' என்று அங்கேயும் கேட்டார்கள். இன்று அந்த நாட்டுக்குப் போகிற சுற்றுலாப் பயணிகள் அந்தத் தெருவில் நடக்காமல் திரும்புவதில்லை.

பிரேசிலின் குரிச்சிபா நகரத்துக் கதை இன்னும் சுவையானது. 1972-ல் அங்கே மேயராக இருந்தவர் ஜைமி லெர்னர் என்ற கட்டடக் கலைஞர், முப்பதுகளில் இருந்த இளைஞர். நகரின் முக்கியக் கடைத்தெருவை நடப்பவர்களுக்கு விட்டுவிட முடிவு செய்தார். வணிகர்கள் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நீதிமன்றம் மூடிய பிறகு வேலையைத் தொடங்கினார். மாதக் கணக்கில் ஆகும் என்றிருந்த வேலை 72 மணி நேரத்தில் முடிந்தது. திங்கட்கிழமை ஊர் வந்து பார்த்தபோது ரோடு இருந்த இடத்தில் பூச்செடிகள் இருந்தன. கார் ஓட்டுபவர்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த வார இறுதியில் அணிவகுத்து வந்து தெருவை மீட்கப்போவதாக அறிவித்தார்கள். லெர்னர் போலீஸை நிறுத்தவில்லை. தெரு நெடுகக் காகிதச் சுருளை விரித்து, பிள்ளைகளைக் கூப்பிட்டுப் படம் வரைய உட்கார வைத்துவிட்டார். குழந்தைகள் மீது யார் காரை ஏற்றுவார்கள்? எதிர்த்த வணிகர்களே பிறகு, எங்கள் பக்கத்துக்கும் இதை நீட்டுங்கள் என்று கேட்டு வந்தார்கள்.

நீதிமன்றம் மூடும் நேரம் பார்த்து வேலை தொடங்குவதை நான் சிபாரிசு செய்யவில்லை. ஒத்திகை பார்த்து, பேசி, பிறகு செய்த சென்னை வழியே எனக்குப் பிடித்திருக்கிறது. குரிச்சிபா கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது கடைக்காரர்களின் மனமாற்றம்தான். காரில் வருபவரின் கண் நிறுத்துவதற்கு இடம் தேடும். நடந்து வருபவரின் கண்தான் கடையைப் பார்க்கும். அதிலும் தி.நகருக்கு வருகிறவர்களில் ஏராளமானோர் மாம்பலத்தில் மின்சார ரயிலிலிருந்தும் பேருந்து நிலையத்தில் பஸ்ஸிலிருந்தும் இறங்கி நடப்பவர்கள். அங்குள்ள ரங்கநாதன் தெருவை நடைபாதை வளாகம் என்று எந்த அரசாணையும் அறிவிக்கவில்லை. கூட்டமே அறிவித்துவிட்டது!

அதே தி.நகரில் 2023 மே மாதம் இன்னொன்றும் திறக்கப்பட்டது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நீள ஆகாய நடைமேம்பாலம். ரயில் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனாலும் அதற்கும் பாண்டி பஜாருக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. மேம்பாலம் நடப்பவரைத் தூக்கி மேலே அனுப்பிவிட்டுத் தரையை வண்டிகளுக்கு விட்டுக்கொடுக்கிறது. பாண்டி பஜார் வண்டியைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு நடப்பவரைத் தரையிலேயே இருக்க விடுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் என் ஓட்டு தரைக்கு. ஏனென்றால் மேம்பாலத்தில் நாம் கடந்து போகிறோம். தெருவில்தான் இருக்கிறோம். நின்று பேசுகிறோம், வேடிக்கை பார்க்கிறோம், தெரிந்தவரைப் பார்த்தால் கல்யாணப் பேச்சு கூட நடக்கிறது.

காசு கொடுக்காமல் ஒரு மணி நேரம் உட்கார நம் ஊர்களில் எத்தனை இடம் இருக்கிறது? கடற்கரை உள்ள ஊரில் கடற்கரை. இல்லாவிட்டால் கோயில், பூங்கா. மற்ற இடங்களில் எல்லாம் காப்பி வாங்க வேண்டும், டிக்கெட் வாங்க வேண்டும். கடைத்தெருவிலேயே ஒன்றும் வாங்காமல் உட்கார ஒரு பலகை போட்டது, எனக்கு அந்தக் கல் பதித்ததைவிடப் பெரிய காரியமாகத் தெரிகிறது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சித்திரை வெயிலில் கல் தரை கொதிக்கும். அங்கே ஆளைக் காப்பாற்றுவது பழைய மரங்களின் நிழல்தான். இனி இப்படித் தெரு போடுகிறவர்கள் கல்லுக்கு ஒதுக்குவதில் ஒரு பங்கையாவது மரத்துக்கு ஒதுக்கட்டும். சுத்தமான கழிப்பறை இல்லாத பொது இடம் பெண்களுக்குப் பாதி இடம்தான். பாண்டி பஜாரின் அடையாளமாக இருந்த சாலையோரக் கடைக்காரர்கள், இந்த மாற்றத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே ஓர் அடுக்குக் கட்டடத்துக்குள் அனுப்பப்பட்டார்கள். வளையலும் கிளிப்பும் வாங்க யார் மாடி ஏறுவார்கள்? அகலமான நடைபாதையில் கோடு போட்டு அவர்களுக்கும் இடம் விட்டிருக்கலாம். 2014-ல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டமும் அவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறதே தவிர விரட்டச் சொல்லவில்லை.

அதே 2014-ல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முதலிடம் கொடுக்கும் கொள்கை ஒன்றை ஏற்றது. நல்ல கொள்கை. ஆனால் பாண்டி பஜாரிலிருந்து பத்து நிமிடம் எந்தப் பக்கம் நடந்தாலும், நடைபாதை என்று பெயருக்கு இருப்பதில் மின்சாரப் பெட்டியும் மணல் குவியலும் நிற்கின்றன. ஒரு தெருவை அழகாகச் செய்து காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டால் அது கண்காட்சிப் பொருள் ஆகிவிடும்.

தெருவை நடப்பவர்களுக்கு விடுவதற்கு வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. மதுரையில் மீனாட்சி கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகளில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பாதுகாப்பு ஒரு காரணம்தான். ஆனாலும் மாலையானால் குடும்பம் குடும்பமாக அங்கே தரையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். தேருக்கென்று அகலமாக விட்ட வீதிகள் நம் கோயில் ஊர்கள் பலவற்றில் உண்டு. ஆண்டுக்குச் சில நாள் தேர் ஓடும். மற்ற நாட்களில் அவற்றைக் கார் நிறுத்துமிடம் ஆக்கியவர்கள் நாம்தான்.

அதனால் மாநகராட்சியைக் கேட்பதற்கு முன் உங்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு நிமிட வேலைதானே என்று நடைபாதையில் பைக்கை ஏற்றாதீர்கள். கண் தெரியாதவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் அந்த இரண்டு நிமிடம் ரோட்டில் இறங்கித்தான் போக வேண்டும். கூடவே, உங்கள் ஊரில் நடப்பவர்களுக்கு விட வேண்டிய தெரு எது, அங்கே முதலில் வேண்டியது என்ன என்று எங்களுக்கு எழுதுங்கள். கடை வைத்திருப்பவர்கள் மறுப்பாகவும் எழுதலாம். அந்தக் கடிதங்களையும் வெட்டாமல் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்