செண்டரோ ஏரிக்கு அப்பாவுடன்

வரும் பள்ளி விடுமுறையில் மின்சார மலைச் சைக்கிளில் செண்டரோ ஏரிப் பக்கம் போய்வரலாம் என்று நானும் தம்பியும் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, "எனக்கும் ஒரு சைக்கிள் பாருங்கடா" என்றார்.

அப்பாவுக்கு 71 வயது. முழங்கால் வலி. ஈப்போ வீட்டில் மாடிப்படி ஏறவே கைப்பிடியைத் தேடுவார்.

"ஏன்ப்பா திடீர்னு?" என்றேன்.

"அந்த ஏரித் தண்ணியிலதான் கரண்டு எடுத்தாங்க. கம்பி எங்க தோட்டத்துக்கு மேலதான் போச்சு. லயத்துல எங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்கு. ஒரு தடவ பார்க்கணும்."

அப்பா பிறந்தது கோலகங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பேராக் ஆற்றை மறித்துக் கட்டிய செண்டரோ அணை 1930இல் மின்சாரம் தரத் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய நீர்மின் அணைகளில் அதுவும் ஒன்று. அந்த மின்சாரம் முதலில் தேடிப் போனது கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களை. மரம் வெட்டியவர்களின் லயங்களுக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

அன்றே பழைய திட்டத்தைக் கிழித்துப் போட்டோம். ஏரியை முழுக்கச் சுற்றும் ஆசையை விட்டோம். கோலகங்சாரிலிருந்து கிரிக் போகும் பழைய சாலையை ஒட்டி, போக 20, வர 20 கிலோமீட்டர் போதும். அணை வளாகத்துக்குள் நுழையப்போவதில்லை, வெளியிலிருந்து பார்ப்போம்.

அடுத்தது பேட்டரிக் கணக்கு. வாடகைக்குக் கிடைத்த சைக்கிளின் பேட்டரி 500 வாட்-மணி. குறைந்த உதவியில் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-மணி என்று வைத்தால், 40 கிலோமீட்டருக்கு 400. மேடும் எதிர்க்காற்றும் கூடுதலாகத் தின்னும். அதனால் எங்கே இருந்தாலும், யாருடைய பேட்டரியிலாவது 40 சதவீதம் தீர்ந்தால் எல்லாரும் திரும்ப வேண்டும். சார்ஜ் இறங்கிய இந்தச் சைக்கிள் இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். மேட்டில் தள்ளுவது அப்பாவால் ஆகாது.

காலை ஏழு மணிக்குக் கிளம்பி, மதிய மழைக்கு முன் திரும்பிவிட வேண்டும். முன்னால் தம்பி, நடுவில் அப்பா, பின்னால் நான். லாரிகள் ஓடும் சாலை என்பதால் சிவப்பு விளக்கைப் பகலிலும் எரிய விடுவோம். அப்பாவின் மாத்திரை என் பையில். டாக்டரிடமும் கேட்டுவிட்டோம், "மெதுவாகப் போங்கள், வலித்தால் நிறுத்துங்கள்" என்றார்.

போன ஞாயிறு போலோ பூங்காவில் ஒத்திகை. இந்தச் சைக்கிளில் மிதித்தால்தான் மோட்டார் உதவும் என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு சுற்று போனதும் சமதளத்தில் மோட்டாரை அணைத்துவிட்டார்.

"ஏன்ப்பா?"

"பால் வாளியக் கட்டிக்கிட்டு மிதிச்ச காலு. மேட்டுக்கு மட்டும் மோட்டார் போதும்."

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பயணம் திட்டமிடும்போது தூரத்தை முடிவு செய்யும் முன், வீட்டில் யார் வர ஆசைப்படுகிறார்கள் என்று கேளுங்கள். தூரத்தைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வரைபடத்தில் அப்பா தன் கையால் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். அவருடைய பழைய தோட்டம். இன்று அங்கே செம்பனைதான், லயம் இல்லை.

"அங்க அஞ்சு நிமிஷம் நிறுத்துங்கடா" என்றார்.

அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.