நூற்றுக்கு ஐந்து

பொய் கலவாத ஓர் எண்ணும் பொய்யுரைக்கக் கூடும். 40 வாரங்கள் கருவறையில் வளர வேண்டிய மகவு 22ஆம் வாரத்திலேயே பிறக்கவிருக்கும் வேளையில், கலங்கி நிற்கும் தாய் தந்தையர்முன் மருத்துவர் வைக்கும் எண்ணைக் குறித்தே இதைச் சொல்லுகிறோம்.

அமெரிக்காவின் 24 மருத்துவமனைகளில் 2006 முதல் 2011 வரை, 22 முதல் 26 வாரங்களில் பிறந்த ஏறத்தாழ 5,000 குழந்தைகளைப் பற்றிய ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. அவர்களுள் 22ஆம் வாரத்தில் பிறந்து உயிர்பிழைத்த குழந்தைகள் நூற்றுக்கு 5. இதைக் கேட்டபின் எந்தத் தாய்தான் நம்பிக்கை கொள்வாள்? ஆனால், அக்குழந்தைகளுள் உயிர்காக்கும் சிகிச்சை அளிக்கப்பட்டவர்களே நூற்றுக்கு 22 பேர்தாம். அவர்களை மட்டும் தனியே எண்ணினால், பிழைத்தவர்கள் நூற்றுக்கு 23! மூச்சுக்கு உதவி பெறாத மகவையும் இறந்தவர் கணக்கில் சேர்த்து, அக்கணக்கையே காட்டி அடுத்த மகவுக்கும் உதவி வீண் என்பது, விதைக்காத வயலைச் சுட்டி இம்மண்ணில் நெல் விளையாது என்பதற்கு ஒப்பாகும்.

திடமான குழந்தைகளையே தேர்ந்து சிகிச்சை அளித்ததால் அவ்வெண் உயர்ந்தது என்பர் சிலர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் அதே ஆய்வில், 22 வார மகவுகள் அனைவருக்கும் சிகிச்சை அளித்த மருத்துவமனைகளும் உண்டு. மிகச் சிலருக்கே அளித்தவையும் உண்டு. ஆகவே தீர்ப்பை எழுதியது குழந்தையின் உடல்நிலை மட்டுமன்று. அது பிறந்த இடத்தின் வழக்கமுமாகும். இதைப் பெற்றோர் அறிய வேண்டாமா?

எப்பாடுபட்டேனும் உயிரை இழுத்துப் பிடிக்க வேண்டும் என நாம் வாதிடவில்லை. சிகிச்சை பெற்றவர்களிலும் கடுமையான குறைபாடின்றிப் பிழைத்தவர்கள் நூற்றுக்கு 15 பேரே, அதையும் மறைக்கலாகாது. பெருஞ்சுமையாகும் அசாதாரண வழிகளைக் கையாளும் கடமை இல்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957லேயே மருத்துவர்களிடம் தெளிவுபடுத்தினார். ஆனால் சுமையை நிறுக்கும் தராசு நேராக இருக்க வேண்டும் அன்றோ?

நேராக நிறுக்க வழியும் உண்டு. வாரக் கணக்கை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது எனப் பிரித்தானியப் பேறுகால மருத்துவச் சங்கம் 2019இல் வழிகாட்டியது. மகவின் எடை, ஆணா பெண்ணா, ஒற்றையா இரட்டையா, நுரையீரல் முதிரத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி இடப்பட்டதா, பிறக்கும் இடத்தில் தீவிர சிகிச்சை வசதி உண்டா என்பனவற்றையெல்லாம் சேர்த்தே ஆபத்தை மதிப்பிட வேண்டும். பெற்றோரோடு கலந்தே முடிவெடுக்க வேண்டும் என்றது.

எனவே, அந்நிலையில் நிற்கும் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்கத் தயங்கலாகாது. சிகிச்சை பெற்றவர்களுள் பிழைத்தவர் எத்தனை பேர்? இம்மருத்துவமனையின் வழக்கம் யாது? சிகிச்சை வேண்டாமெனில், மகவின் வலியைத் தணித்து, அதைத் தாயின் மடியிலேயே வைத்திருக்க என்ன செய்வீர்கள்? இவற்றுக்கு அமர்ந்து, பொறுமையோடு விடை கூறுவது மருத்துவர் காட்டும் சலுகையன்று, அவரது கடமை. வாழ்நாளெல்லாம் அம்முடிவைச் சுமக்கப் போகிறவர்கள் பெற்றோரே.