கிரானைட் நடைபாதையும் உதிரும் சுவரும்

பாண்டி பஜாரில் அன்றாடம் ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள். அந்தப் பெயரில் இருக்கும் 'பாண்டி' யார் என்று கேட்டால், பாண்டிச்சேரி என்று சொல்பவர்களே அதிகம். அவர் சுயமரியாதை இயக்கத்தின் தளபதிகளில் ஒருவரான டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்து செய்யப்படும் என்று உத்தரவு போட்டவர். சாலை போடுவது மட்டும் நிர்வாகத்தின் வேலையல்ல, அந்தச் சாலையில் யார் போகலாம் என்பதையும் நிர்வாகம்தான் உறுதிசெய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று அவர் பெயர் தாங்கிய கடைவீதியைப் பற்றித்தான் நகரத்தின் படித்த நடுத்தர வர்க்கம் ஓயாமல் விவாதிக்கிறது. நடைபாதையின் கல் சரியில்லை, இருக்கைகள் உடைந்துவிட்டன, தடுப்புத் தூண்கள் சாய்ந்துவிட்டன, பராமரிப்பு இல்லை. இன்னொரு பக்கம், 'சிங்கப்பூர் மாதிரி இருக்கிறது' என்ற பாராட்டு. வடிவமைப்பின் தரம் குறித்த இந்த விவாதம் தேவையானது. ஆனால் இது தரம் என்ற சொல்லைக் கல்லோடும் விளக்குக் கம்பத்தோடும் நிறுத்திக்கொள்கிறது. அந்தக் கல்லின் மேல் யார் நிற்கலாம், அதை முடிவு செய்தது யார், அதைக் கழுவுவது யார் என்ற கேள்விகள் வடிவமைப்புக்கு வெளியே தள்ளப்படுகின்றன. சாதி அந்த வெளியில்தான் வசதியாக உட்கார்ந்திருக்கிறது.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். 2019 நவம்பரில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி திறந்துவைத்த, சுமார் 40 கோடி ரூபாயில் உருவான பாண்டி பஜார் நடைபாதை வளாகம் ஒரு நல்ல காரியம். காருக்கு என்றே ஒதுக்கப்பட்டிருந்த சாலையில் ஒரு பங்கைப் பிடுங்கி, நடப்பவருக்குக் கொடுத்தது. குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பெண்ணும், முதியவரும் அஞ்சாமல் நடக்க முடிகிறது. 2023 மே மாதம் திறக்கப்பட்ட, மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேடையும் அப்படித்தான். கார் இல்லாத பெரும்பான்மைக்குப் பயன்படும் எதையும் நாம் எதிர்க்க வேண்டியதில்லை. இதே அக்கறை எல்லா இடத்திலும் ஏன் இல்லை என்பதுதான் நமது கேள்வி.

நடைபாதை அழகாவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 2013-இல், பாண்டி பஜாரின் நடைபாதை வியாபாரிகள் அங்கிருந்து அகற்றப்பட்டு ஒரு பல மாடி வணிக வளாகத்துக்குள் அனுப்பப்பட்டார்கள். வளையல், ரிப்பன், செருப்பு, பூ விற்பவர்களின் தொழில் எப்படி நடக்கிறது என்று தெரிந்த எவரும் அந்த ஏற்பாட்டைத் தரமான வடிவமைப்பு என்று சொல்ல மாட்டார்கள். நடந்துபோகிறவரின் கண்ணில் படுவதுதான் அந்த வியாபாரத்தின் உயிர். யாரும் ஹேர்பின் வாங்குவதற்காக இரண்டு மாடி ஏறுவதில்லை. பின்னர் நடைபாதை அகலமானபோது இருக்கைக்கும் செடிக்கும் இடம் கிடைத்தது. காருக்காகப் பக்கத்திலேயே பல அடுக்கு நிறுத்துமிடம் கட்டப்பட்டது. அடுக்குமாடியில் ஏற்றிவைத்தால் காருக்கு நட்டமில்லை. வியாபாரிக்குப் பிழைப்பே போய்விடும்.

சட்டம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி இடமாற்றம் என்பது கடைசி வழி. எங்கே கடை போடலாம் என்பதில் நகர விற்பனைக் குழுவுக்குப் பங்குண்டு. அந்தக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அதாவது சாலையை வரையும் மேசையில் பூக்காரிக்கு நாற்காலி போடச் சொல்கிறது சட்டம். நாட்டில் வேறெந்த நகர்ப்புறச் சட்டமும் உழைக்கும் மக்களுக்கு இவ்வளவு வெளிப்படையாக அந்த நாற்காலியைப் போட்டதில்லை. பாண்டி பஜாரின் புதிய வரைபடம் இந்தச் சட்டம் வந்த பிறகு வரையப்பட்டது.

முடிவெடுத்தவர்கள் யார்? 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் 20 நகரங்களில் ஒன்றாகச் சென்னை தேர்வானது. பகுதி மேம்பாட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் தி.நகர். நகை, பட்டுக் கடைகளின் பகுதியாக, ஏற்கெனவே பணம் புழங்கும் இடமாக இருந்ததற்கே இன்னும் பணம். அந்தப் பணத்தைச் செலவு செய்தது மாநகராட்சி மன்றம்கூட அல்ல. திட்டத்தின் விதிப்படி, கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு நிறுவனம். 2016 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேலான காலம் சென்னையில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. பாண்டி பஜார் திட்டமிடப்பட்டதும் கட்டப்பட்டதும் திறக்கப்பட்டதும் அந்தக் காலத்தில்.

இடஒதுக்கீட்டுக்காகப் போராடியவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். உள்ளாட்சி மன்றத்தில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு உண்டு. கம்பெனியின் இயக்குநர் குழுவில் அது கிடையாது. 2022-இல் சென்னையின் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, ஆர். பிரியா முதல் தலித் பெண் மேயரானபோது நாம் மகிழ்ந்தோம். ஆனால் அந்த நாற்காலி நமக்கு வருவதற்குள் சாலையை வரையும் அதிகாரம் ஏற்கெனவே கம்பெனிக்குப் போய்விட்டிருந்தது.

அழகுக்குக் கீழே இருக்க வேண்டியது என்ன ஆனது என்பதை 2021 நவம்பர் மழை காட்டியது. மயிலாப்பூர் ஏரி என்று அழைக்கப்பட்ட பெரிய நீர்நிலையை 1920-களில் வற்றவைத்து உருவாக்கிய நகர் தியாகராய நகர். ஏரி இருந்த இடத்துக்குத் தண்ணீர் வராமல் இருக்குமா? கோடிக்கணக்கில் 'ஸ்மார்ட்' ஆக்கப்பட்ட தெருக்கள் நாள்கணக்கில் நீரில் கிடந்தன. அந்தப் பணிகளை விசாரிக்க, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைக்க வேண்டியதாயிற்று.

அதே 2021-இல், ஆகஸ்ட் மாதம், தி.நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் புளியந்தோப்பில் இன்னொரு 'வடிவமைப்பு' செய்தியானது. கே.பி. பூங்காவில் அன்றைய குடிசை மாற்று வாரியம் கட்டிய புத்தம்புதிய அடுக்குமாடி. கையால் தேய்த்தால் சுவர்ப் பூச்சு மணலாகக் கொட்டியது. விரலால் தோண்டினால் பள்ளம் விழுந்தது. ஐ.ஐ.டி. குழு வந்து பார்த்து, பூச்சுவேலை தரமற்றது என்பதை உறுதி செய்தது. பொறியாளர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். பிறகு மறுபூச்சு, பிறகு மறதி.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பொதுப்பணம். இரண்டுக்கும் ஒப்பந்தப்புள்ளி, பொறியாளர், தரக் கட்டுப்பாடு, கையெழுத்து எல்லாம் உண்டு. பாண்டி பஜாரில் ஒரு கல் பெயர்ந்தால் நாளேட்டின் நகரப் பக்கத்தில் அது வடிவமைப்புப் பிரச்சினை. புளியந்தோப்பில் சுவரே பெயர்ந்தால் அது ஊழல் பிரச்சினை. அதைக் கட்டிடக்கலையாக யாரும் விவாதிப்பதில்லை. 'சும்மா கிடைத்த வீட்டுக்கு இவ்வளவு குறையா?' என்று கேட்ட குரல்களும் உண்டு. அந்த வீட்டுக்கும் பயனாளி பங்குத்தொகை கேட்கப்படுகிறது என்பதை அவர்கள் அறிய விரும்பவில்லை. சேரி மக்கள் வாழும் கட்டிடத்துக்கு அழகு தேவைப்படும் என்ற எண்ணமே இந்த நகரத்துக்கு வரவில்லை. ஊருக்குக் கிரானைட், சேரிக்கு மணல் பூச்சு. ஊரும் சேரியும் தனித்தனி என்பது கிராமத்தோடு முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் இந்தக் கணக்கைச் சற்று யோசிக்கட்டும்.

நகரின் நடுவில் மிச்சமிருப்பவர்களையும் அழகின் பெயரால்தான் வெளியேற்றுகிறார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய் ஓரம் பல பத்தாண்டுகளாக வாழ்ந்தவர்களின் வீடுகள் நீதிமன்ற உத்தரவின் பேரில் இடிக்கப்பட்டன. கண்ணெதிரே வீடுகள் இடிபடுவதைக் கண்டு ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன் பிறகே, அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தரப்படும் என்றும், இனி மக்களைக் கலந்துபேசித்தான் மறுகுடியமர்வு நடக்கும் என்றும் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். மயிலாப்பூரில் இடம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம். மெரினா லூப் சாலையில் போக்குவரத்துக்கு இடையூறு என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கைத் தொடர்ந்து மீன் கடைகள் அகற்றப்பட்டன. பெண்கள் சாலையில் அமர்ந்து மறித்தார்கள். மீனவர் வீட்டு வாசலுக்கும் கடலுக்கும் நடுவே ஓடுகிறது அந்தச் சாலை. கார்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே வலை உலர்த்தியவர்கள் இன்று சட்டத்தின் பார்வையில் ஆக்கிரமிப்பாளர்கள். 2024 ஆகஸ்டில் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரையும் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் மீனவப் பெண்களுக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டியவை. ஆனால் அவை கிடைப்பதற்கு முதல் காரணம் அவர்களின் உடல்நலமாக இருக்கவில்லை. காரில் போகிறவரின் நேரமும் மூக்கும்தான்.

வெளியேற்றப்படுகிறவர்கள் போய்ச் சேருமிடம் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைச் சுற்றிய தாழ்ந்த பகுதியில், கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்தெடுத்த மக்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள் என்பது அந்த மக்களோடு பழகிய எவருக்கும் தெரியும். பெரும்பாக்கத்தின் எட்டடுக்குக் கட்டிடங்களில் இட்லிக்காரம்மா தன் தள்ளுவண்டியை எங்கே நிறுத்துவார்? இஸ்திரி மேசை எங்கே நிற்கும்? மின்தூக்கி நின்றுபோன நாளில் ஏழாவது மாடிக்குத் தண்ணீர்க் குடம் எப்படி ஏறும்? இவைதான் வடிவமைப்புக் கேள்விகள். இவற்றைக் கேட்க மயிலாப்பூரிலும் அடையாறிலும் கூடும் நகர அழகியல் கூட்டங்கள் எதற்கும் நேரமில்லை.

அங்கேயும் அழகு போனதுண்டு. 2020-இல் ஒரு கலை அமைப்பும் ஒரு பெரிய பெயிண்ட் கம்பெனியும் மாநகராட்சியும் சேர்ந்து கண்ணகி நகர்ச் சுவர்களில் மாபெரும் ஓவியங்களைத் தீட்டி, அதைச் சென்னையின் முதல் 'கலை மாவட்டம்' என்று அறிவித்தன. ஓவியங்கள் உண்மையிலேயே அழகானவை. அங்குள்ள சிறுவர்கள் அவற்றை விரும்பினார்கள். ஆனால் கண்ணகி நகர் முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கப்படும் இளைஞனின் பிரச்சினையைச் சுவர் ஓவியம் தீர்க்காது. அந்த முகவரியை உருவாக்கியதே ஒரு வடிவமைப்பு முடிவு. ஒரே மாதிரியான மக்களை ஒரே இடத்தில், ஊருக்கு வெளியே குவிப்பது என்ற முடிவு.

இறுதியாக, பாண்டி பஜாரைக் கழுவுகிறவர்கள். தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்களின் குப்பை அகற்றும் பணி 2020 முதல் தனியார் நிறுவனத்திடம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களையும் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் கைது செய்யப்பட்டு அகற்றப்பட்டார்கள். நகரத்தை அழகாக வைத்திருப்பவர்கள் நகர நிர்வாகத்தின் வாசலில் உட்கார்ந்தால் அழகு கெடுகிறது! எந்தச் சாலை வடிவமைப்பிலாவது, அதிகாலையில் வரும் தூய்மைப் பணிப்பெண் உடைமாற்ற, கை கழுவ, உட்கார்ந்து சாப்பிட ஓர் அறை வரையப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தரத்தை அளக்க எனக்குத் தெரிந்த நேர்மையான அளவுகோல் அதுதான்.

நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. எந்தச் சாலை மறுவடிவமைப்பும் நகர விற்பனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது. வரைபடங்கள் தமிழில், வார்டு அலுவலகத்தில், மக்கள் பார்க்கும்படி ஒட்டப்பட வேண்டும். அதிகாரம் கம்பெனிகளிடமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்குத் திரும்ப வேண்டும். வாரியக் குடியிருப்பு ஒவ்வொன்றும் சாவி கொடுக்கும் முன் சுதந்திரமான தரச் சோதனைக்கு உட்பட்டு, அதன் அறிக்கை குடியிருப்போர் கையில் தரப்பட வேண்டும். நகரை விட்டு அப்புறப்படுத்துவது நின்று, வாழ்ந்த இடத்திலேயே வீடு என்பது சட்டமாக வேண்டும்.

1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலைகளிலும் பொதுக் கிணறுகளிலும் பொதுக் கட்டிடங்களிலும் ஒடுக்கப்பட்டோருக்குத் தடை இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். அது நிறைவேறியது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் பனகல் அரசர். அவர் பெயரிலான பூங்கா பாண்டி பஜாரின் ஒரு முனையில் இருக்கிறது. சாலை எல்லோருக்கும் பொது என்று எழுதி நூறு ஆண்டு கடந்துவிட்டது. இன்று நம்மை யாரும் பெயர் சொல்லித் தடுப்பதில்லை. அந்த வேலையை வரைபடம் செய்கிறது. அந்த வரைபடத்தை நாம் படிக்கக் கற்றுக்கொள்வோம். அடுத்ததை வரையும்போது மேசையைச் சுற்றி நாமும் உட்காருவோம்.