ஆக்கி பார்க்க எத்தனை சந்தா?

2025 டிசம்பர் 10-ந் தேதி. சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம். ஜூனியர் உலகக் கோப்பை ஆக்கிப் போட்டியின் கடைசி நாள்.

மூன்றாவது இடத்துக்காக இந்தியாவும் அர்ஜென்டினாவும் மோதின. முதலில் அர்ஜென்டினா 2 கோல் போட்டது. இந்தியா திணறியது. கடைசிக் கால் பகுதியில் ஆட்டம் தலைகீழாக மாறியது. இந்திய இளைஞர்கள் அடுத்தடுத்து 4 கோல் போட்டார்கள். 4-2! வெண்கலப் பதக்கம் கைக்கு வந்தது.

இந்தப் போட்டியை நேரில் பார்க்க டிக்கெட் இலவசம். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ரெயில் ஏறுகிறவர் எழும்பூரில் இறங்கினால், ஸ்டேடியம் நடக்கும் தூரம்தான். ரெயில் கட்டணம் மட்டுமே செலவு.

வீட்டில் உட்கார்ந்து பார்க்க நினைத்தவருக்கு? டெலிவிஷனில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ். செல்போனில் ஜியோ ஹாட்ஸ்டார். இரண்டுமே காசு கேட்கிற இடங்கள்.

நேரில் போனால் இலவசம். வீட்டில் இருந்தால் செலவு! இப்படியும் ஒரு விந்தை!

வேலைக்குப் போகிறவருக்கு எழும்பூர் போக நேரம் ஏது? கடை வைத்திருப்பவர் கடையைப் பூட்டிவிட்டுப் போக முடியுமா? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆகவே, பெரும்பாலான குடும்பங்களுக்கு மைதானம் என்பது கூடத்தில் இருக்கும் டெலிவிஷன்தான்.

அந்த டெலிவிஷனில் ஆக்கி தெரிய என்ன வாங்குவது? கேபிளில் விளையாட்டுச் சேனல்களைச் சேர்ப்பதா? மாடியில் டிஷ் வைப்பதா? அல்லது செல்போனில் சந்தா கட்டுவதா? மட்டை பிடிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது. கேபிள்காரர் ஒன்று சொல்கிறார். ரீசார்ஜ் கடைக்காரர் இன்னொன்று சொல்கிறார். அவரவர் சரக்கு அவரவருக்கு உசத்தி. "வருடச் சந்தாவாகக் கட்டிவிடுங்கள், லாபம்" என்ற பேச்சு மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

கிரிக்கெட் ரசிகருக்கு அது லாபமாக இருக்கலாம். ஆக்கி ரசிகருக்கு நஷ்டம்! ஏன்?

வீடு மாறும் ஆட்டம்

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக். ஆகஸ்ட் 5-ந் தேதி ஜெர்மனியை 5-4 என்று வீழ்த்தி, 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா ஆக்கியில் பதக்கம் வாங்கியது. அந்த ஒலிம்பிக்கைச் சோனி காட்டியது.

2023 ஜனவரியில் ஒடிசாவில் உலகக் கோப்பை நடந்தது. அது ஸ்டார் ஸ்போர்ட்சுக்குப் போயிற்று.

அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை. இதைத் தமிழ்நாட்டு ரசிகர்கள் மறக்கமாட்டார்கள். அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம் இந்திய உடை அணிந்து எழும்பூர் மைதானத்தில் ஆடினார். மலேசியாவை இந்தியா 5-0 என்று வென்ற ஆட்டத்தில் முதல் கோல் அவருடையது. பிறகு ஆகஸ்ட் 12-ந் தேதி இறுதி ஆட்டம். அதே மலேசியா இடைவேளையில் 3-1 என்று முந்தி நின்றது. ஸ்டேடியம் வாயடைத்துப் போயிற்று. முடிவில் இந்தியா 4-3! அந்தப் போட்டி டெலிவிஷனில் ஸ்டார் ஸ்போர்ட்சில் வந்தது. செல்போனில்? ஸ்டாரின் சொந்த ஹாட்ஸ்டாரில் அல்ல. ஃபேன்கோடு என்ற வேறொரு செயலியில்!

இரண்டு மாதம் கழித்து சீனாவில் ஆசிய விளையாட்டு. இந்தியாவுக்குத் தங்கம். மறுபடியும் சோனி.

2024-ல் பாரீஸ் ஒலிம்பிக். ஸ்பெயினை 2-1 என்று வென்று இந்தியா வெண்கலம் பெற்றது. டெலிவிஷனில் ஸ்போர்ட்ஸ்18 காட்டியது. செல்போனில் ஜியோ சினிமா இலவசமாகவே காட்டியது. அந்த ஜியோ சினிமா என்ற பெயர் பிறகு இல்லாமல் போய்விட்டது. 2025 பிப்ரவரி 14 அன்று அதுவும் ஹாட்ஸ்டாரும் சேர்ந்து ஜியோ ஹாட்ஸ்டார் ஆகிவிட்டன. இலவசமும் அத்தோடு சுருங்கிவிட்டது.

2025-ல் பீகார் ராஜ்கீரில் நடந்த ஆசியக் கோப்பை சோனியில். டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பை ஸ்டாரில்.

சோனிக்கு வருடச் சந்தா கட்டியவர் பாதி பார்த்தார். ஸ்டாருக்குக் கட்டியவர் மீதிப் பாதி பார்த்தார். இரண்டுக்கும் கட்டியவர் பல மாதம் வெறும் மைதானத்தைப் பார்த்தார்!

இப்படி வீடு மாறக் காரணம் ஒன்று உண்டு. ரோட்டோரத்துப் புளியமரங்களை ஏலம் விடுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மரத்துக்குச் சொந்தக்காரர் வேறு. காயைப் பறிக்கிற குத்தகைக்காரர் வேறு. ஆக்கியும் அப்படித்தான். ஒலிம்பிக்குக்கு ஒரு சொந்தக்காரர். உலகக் கோப்பைக்கு சர்வதேச ஆக்கி சம்மேளனம். ஆசியப் போட்டிகளுக்கு ஆசிய ஆக்கி சம்மேளனம். ஆக்கி இந்தியா லீக்குக்கு ஆக்கி இந்தியா. ஒவ்வொருவரும் தம் மரத்தைத் தனியாகக் குத்தகைக்கு விடுகிறார்கள். காலம் முடிந்தால் குத்தகைக்காரர் மாறுகிறார். ரசிகரின் சந்தா மட்டும் பழைய வீட்டு வாசலில் நிற்கிறது.

அந்த நாளில்

1975 மார்ச் 15-ந் தேதி கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என்று வென்று இந்தியா உலகக் கோப்பையை வாங்கியது. அதைத் தமிழ்நாட்டு மக்கள் கண்ணால் பார்க்கவில்லை. ரேடியோவில் கேட்டார்கள். சென்னை டெலிவிஷன் நிலையமே அந்த ஆண்டு ஆகஸ்ட் 15-ல்தான் தொடங்கியது.

1982-ல் டில்லி ஆசிய விளையாட்டோடு வண்ண டெலிவிஷன் வந்தது. வந்த புதிதில் ஆக்கி ரசிகர்கள் பார்க்க நேர்ந்தது என்ன? பாகிஸ்தானிடம் இந்தியா 7-1 என்று தோற்ற இறுதி ஆட்டம்! கறுப்பு வெள்ளையாகவே இருந்திருக்கலாம்.

அப்போது வழி ஒன்றுதான். தூர்தர்ஷன் காட்டினால் உண்டு. காட்டாவிட்டால் மறுநாள் பத்திரிகை. தேர்ந்தெடுக்கும் தொல்லை இல்லை. பார்க்கும் வசதியும் இல்லை.

காசு கட்டாத வீட்டில் கோல்!

இப்போது கேபிளைப் பார்க்கலாம். 2011-ல் தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்குச் சேனல்கள் தந்தது. 2019-ல் புது விதி வந்தது. அதன்படி முதல் 100 சேனலுக்கு 130 ரூபாயும் வரியும் அடிப்படைக் கட்டணம் ஆயிற்று. காசுச் சேனல்களுக்கு அதன்மேல் தனி விலை.

அந்த விதியில் பலர் கவனிக்காத நல்லது ஒன்று உண்டு. சேனலைத் தனித்தனியாகவும் எடுக்கலாம். கொத்தாகத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு விளையாட்டுச் சேனலுக்காகப் பத்துப் பதினைந்து சேனலைத் தலையில் கட்டினால், "இது ஒன்று மட்டும் போதும்" என்று சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் எந்த ஒன்று என்று தெரிந்து கேட்க வேண்டும். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் என்பது ஒரே சேனல் அல்ல, சோனியும் அப்படியே. ஒரே பெயரில் பல எண்கள். கிரிக்கெட் நடக்கிற நாளில் ஆக்கி கடைசி எண்ணுக்குத் தள்ளப்படலாம். பெரிய சேனலுக்குக் காசு கட்டிவிட்டு, ஆட்டம் பக்கத்துச் சேனலில் ஓடினால் யாரை நோவது?

மாதச் சந்தா வேண்டாம் என்பவருக்கு தூர்தர்ஷனின் ஃபிரீ டிஷ் இருக்கிறது. 2004 முதல் இருக்கிறது. ஒருமுறை டிஷ்ஷும் பெட்டியும் வாங்கி மாட்டினால் போதும். டி.டி. ஸ்போர்ட்ஸ் அதில் வரும். ஆனால் தமிழ்ச் சேனல்கள் குறைவு. பேரனுக்கு ஆக்கி கிடைக்கும். பாட்டிக்கு சீரியல் போய்விடும். வீட்டில் சண்டை வராமல் இருக்க வேண்டுமே!

இங்கேதான் ஒரு வேடிக்கை நடக்கிறது. 2007-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. தேசிய முக்கியத்துவம் உள்ள விளையாட்டுகளைத் தனியார் சேனல் எடுத்தாலும், அந்தப் படத்தை பிரசார் பாரதிக்கும் பகிர்ந்து தரவேண்டும் என்பது சட்டம். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு ஆகியவற்றோடு உலகக் கோப்பை ஆக்கியும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏழை வீட்டிலும் ஆட்டம் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம்.

2017-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. அப்படிப் பகிர்ந்து வாங்கிய படத்தைத் தூர்தர்ஷன் தன்னுடைய ஆண்டெனா ஒளிபரப்பிலும் ஃபிரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம். தனியார் கேபிள் வழியே போகக்கூடாது என்பது தீர்ப்பு. காசு கொடுத்து உரிமை வாங்கியவரின் வியாபாரம் கெடும் என்ற வாதம் ஏற்கப்பட்டது.

பலன் என்ன? மாதாமாதம் தவறாமல் கேபிள் பணம் கட்டுகிற வீட்டில் அப்படிப்பட்ட ஆட்டம் வராது. சந்தாவே கட்டாத ஃபிரீ டிஷ் வீட்டில் அது ஓடும். எதிர் வீட்டில் "கோல்!" என்று கத்துகிறார்கள். இந்த வீட்டில் வேறு நிகழ்ச்சி!

ஏழைக்காகச் செய்த சட்டம் ஏழைகளில் ஒரு பகுதியை மட்டும் எட்டுகிறது. கேபிள் வைத்திருப்பவர்கள் எல்லாம் பணக்காரர்களா? விழுப்புரம் மாவட்டத்தில் ஓட்டு வீட்டிலும் கேபிள் இருக்கிறது.

கைக்குள் மைதானம்

செல்போன் சந்தா மலிவு என்று தோன்றும். 2025 பிப்ரவரியில் ஜியோ ஹாட்ஸ்டார் தொடங்கியபோது மூன்று மாதத்துக்கு 149 ரூபாய் என்று ஒரு திட்டம் வந்தது. ஆனால் அது ஒரே ஒரு செல்போனில் மட்டும்தான். பெரிய டெலிவிஷனில் வராது. டெலிவிஷனிலும் பார்க்க வேண்டுமானால் மூன்று மாதத்துக்கு 299 ரூபாய் என்ற திட்டம் எடுக்க வேண்டியிருந்தது. இதைக் கவனிக்காமல் மலிவை வாங்கினால், ஒரு செல்போனைச் சுற்றி ஐந்து தலைகள் முட்டிக்கொள்ளும்.

ஆக்கிப் பந்து சிறியது. நல்ல ஆட்டக்காரர் அடித்தால் கண் இமைப்பதற்குள் கோலுக்குள் போய்விடும். உள்ளங்கை அகலத் திரையில் ஆள் தெரியும், பந்து தெரியாது. மட்டை பிடிக்கும் பிள்ளை எதைப் பார்த்துக் கற்கும்? பெனால்டி கார்னரில் பந்தை யார் நிறுத்துகிறார், யார் ஓடி வருகிறார், யார் ஏமாற்றுகிறார் என்பதெல்லாம் பெரிய திரையில்தான் புரியும்.

டேட்டா கணக்கும் உண்டு. தெளிவான படமாகப் பார்த்தால் மணிக்கு ஏறத்தாழ 1 ஜி.பி. கரையும். ஆட்டம் 60 நிமிடம் என்றாலும் இடைவேளையும் நிறுத்தங்களும் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும். தினம் ஒன்றரை ஜி.பி. ரீசார்ஜ் போட்டவருக்குக் கடைசிக் கால் பகுதியில் படம் சுற்ற ஆரம்பிக்கும். அர்ஜென்டினா ஆட்டத்தில் 4 கோலும் எப்போது விழுந்தன? கடைசிக் கால் பகுதியில்தான்!

செல்போனுக்கு உள்ள ஒரே பெருமை, நேரங்கெட்ட ஆட்டங்கள். 2026 உலகக் கோப்பைக்கு நெதர்லாந்தும் பெல்ஜியமும் களம். தேதி ஆகஸ்ட் 15 முதல் 30 வரை. அங்கே இரவு 8 மணி என்றால் இங்கே 11.30. எல்லோரும் தூங்கும் நேரத்தில் கூடத்து டெலிவிஷனைப் போட்டால் வீட்டில் அடி விழும். அப்போது காதில் ஒயரும் கையில் செல்போனும் உதவும்.

வாட்ஸ்அப்பில் வரும் "இலவச லிங்க்" பற்றி ஒரு வார்த்தை. தொடவே கூடாது. ஆட்டம் வராது, பேங்கிப் பணம் போனாலும் போகலாம்.

என்ன செய்யலாம்?

முதலில் ஆட்டம், பிறகு சந்தா. போட்டி அறிவித்ததும் எந்தச் சேனல், எந்த எண், எந்தச் செயலி என்று பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இலவச டி.டி. ஸ்போர்ட்சில் வருமா என்றும் பார்க்க வேண்டும். 2024 டிசம்பரில் தொடங்கிய ஆக்கி இந்தியா லீக்கை, தமிழ்நாடு டிராகன்ஸ் ஆடிய அந்த லீக்கை, தூர்தர்ஷனும் காட்டியது. சோனி லிவ்வுக்குக் காசு கட்டிப் பார்த்தவர்களும் இருந்தார்கள்!

காசுச் சேனலில்தான் வரும் என்றால், கேபிள்காரரிடம் அந்த ஒரு சேனலை ஒரு மாதத்துக்கு மட்டும் போடச் சொல்ல வேண்டும். போட்டி முடிந்ததும் எடுக்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது அங்கேயே இருக்கும்; பணமும் போய்க்கொண்டே இருக்கும். வருடச் சந்தா ஆக்கிக்காக வேண்டாம். சினிமாவுக்கும் சீரியலுக்கும் சேர்த்து எடுக்கிறவர் எடுக்கட்டும்.

மத்திய அரசுக்கும் வேலை இருக்கிறது. இந்தியா ஆடும் உலகக் கோப்பை ஆக்கி ஆட்டங்கள், டி.டி. ஸ்போர்ட்ஸ் வருகிற எல்லா வீட்டிலும் தெரிய வேண்டும். கேபிள் வீடு, ஃபிரீ டிஷ் வீடு என்ற பேதம் வேண்டாம். 2007-ம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தினால் இது முடியும். கிரிக்கெட்டுக்குக் கோடிக்கணக்கில் கொட்டிக் கொடுத்தவர் ஆட்சேபித்தால் அதில் அர்த்தம் உண்டு. ஆக்கியில் யாருக்கு என்ன பெரிய நஷ்டம்?

அதுவரை விழுப்புரம் மாவட்ட விளையாட்டு அரங்கிலும் திண்டிவனத்தில் ஒரு பள்ளி மைதானத்திலும் பெரிய திரை கட்டலாம். உரிய அனுமதி வாங்கி, இந்தியா ஆடும் நாட்களில் மட்டும் காட்டலாம். பதினோரு மணி ஆட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூப்பிட முடியாதுதான். மறுநாள் மாலையில் அதே ஆட்டத்தைப் போட்டுக் காட்டி, பக்கத்தில் ஒரு பயிற்சியாளரை நிற்க வைத்தால் போதும்.