கணக்கில் வராத வாலிபன்

திருத்தணியில் 1888 செப்டம்பர் 5 அன்று தெலுங்கு பேசும் ஒரு வீட்டில் பிறந்த பையனை, மூன்று தேசத்து மிஷனெரிகள் அடுத்தடுத்துப் படிக்க வைத்தார்கள். திருப்பதியில் ஜெர்மானியரின் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளி. வேலூரில் அமெரிக்கரின் ஆற்காடு மிஷன் நடத்திய ஊரிசு கல்லூரி. சென்னையில் ஸ்காட்லாந்துக்காரரின் கிறிஸ்தவக் கல்லூரி. பிள்ளைப் பருவத்திலிருந்து இருபது வயது வரை பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருந்தான். ஞானஸ்நானம் பெறவில்லை. பெறாததோடு நிற்காமல், மிஷனெரிகளுக்குப் பதில் சொல்வதையே தன் முதல் புத்தகமாக எழுதினான். நாம் இன்று நிரப்பும் ஊழிய அறிக்கைப் படிவத்தில் அவனைப் போட ஒரு கட்டம் கிடையாது.

சர்வபள்ளி ராதாகிருஷ்ணனைப் பற்றி இந்த இதழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இது அறிக்கை எழுதும் பருவம். குஜராத்தின் டாங்ஸ் காட்டிலும் ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலையிலும் இருக்கிற நம் மிஷனெரிக் குடும்பங்கள், திருத்தணியைத் தாண்டி பஸ்ஸில் போகும் தூரத்தில் தெலுங்கு வாலிபரிடையே வேலை செய்கிறவர்கள், கடல் கடந்து போனவர்கள் எல்லாரும் இந்த மாதத்தில் ஒரே கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்: முகாமுக்கு வந்தவர்கள் எத்தனை, தீர்மானம் எடுத்தவர்கள் எத்தனை? ஆதரவுச் சபைகள் அதைத்தான் கேட்கின்றன. காணிக்கை கொடுப்பவர் கேட்பதில் தப்பில்லை. ஆனால் கேட்கப்படுகிற எண்ணுக்கு ஏற்ப ஊழியம் வளைந்துவிடுகிறது. கையைத் தூக்கக்கூடிய பிள்ளையிடம் நேரம் செலவாகிறது. கேள்வி கேட்கிற பிள்ளை, ‘கடின உள்ளம்’ என்ற ஒரு சொல்லில் முடிந்துபோகிறான்.

அப்படிக் கேள்வி கேட்ட பிள்ளைதான் ராதாகிருஷ்ணன். தம்மைப் பற்றி எழுதியவற்றில் அதை அவர் ஒளிக்கவில்லை. இந்து சமயத்தின் மீது மிஷனெரி ஆசிரியர்கள் வைத்த குற்றச்சாட்டுகள் தம் நம்பிக்கையைக் கலக்கின என்றும், விவேகானந்தரின் பேச்சுகள் தம் தன்மானத்தைத் தட்டி எழுப்பின என்றும் சொல்கிறார். வேதாந்தத்தில் ஒழுக்கநெறிக்கு இடமே இல்லை என்று வகுப்பில் கேட்டுக் கேட்டுத்தான், எம்.ஏ. பட்டத்துக்கு அதே பொருளை எடுத்து மறுத்து எழுதினார். 1908-இல் அது புத்தகமானது. தம் பேராசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் இதைப் படித்து வருத்தப்படுவாரோ என்ற பயம் அவருக்கு இருந்தது. ஹாக் அந்த ஆய்வைப் பாராட்டிச் சான்று எழுதிக் கொடுத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். யார் இந்த ஹாக்? குருப்பட்டம் பெறாமலே 1903-இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர். மாணவப் பருவத்தில் தம் விசுவாசமே ஆட்டம் கண்டவர். மிஷனெரிக்கான அன்றைய அளவுகோலில் அது ஒரு குறை. ஆனால் சந்தேகத்தின் வலியை உள்ளிருந்து அறிந்தவர் என்பதால்தான், எதிரே உட்கார்ந்திருந்த வாலிபனின் மறுப்பைத் திமிராகப் பார்க்காமல் சிந்தனையாகப் பார்த்தார் என்பது என் எண்ணம். கர்மாவையும் மீட்பையும் எதிரெதிரே வைத்து அவர் எழுதிய நூலில் விட்டுக்கொடுத்தல் ஒன்றும் கிடையாது. தம் பக்கத்தை அழுத்தமாகவே வாதிடுகிறார். ஆனால் எதிர்த்தரப்பை அதன் மிகச் சிறந்த வடிவத்தில் எடுத்துக்கொண்டு வாதிடுகிறார். 1938 டிசம்பரில் தாம்பரத்தில் உலக மிஷனெரி மாநாடு கூடியபோது, ஹாலந்து நாட்டு ஹென்ட்ரிக் கிரேமரின் கருத்தை எதிர்த்து, பிற சமயத்தாரிடமும் மெய்யான விசுவாசம் உண்டு என்று சொன்னவர்களில் முக்கியமானவர் இதே ஹாக். முப்பத்தைந்து ஆண்டு மாணவர்களோடு பழகியவரின் சொல் அது.

மிஷனெரிகளின் விமர்சனம் ஒரு வாலிபனை நம்மைவிட்டு விரட்டியது என்று இதைச் சுருக்கிவிடலாம். பாதிதான் உண்மை. விரட்டியிருந்தால் அவர் 1926-இல் ஆக்ஸ்ஃபோர்டின் மான்செஸ்டர் கல்லூரி மேடையில் நின்று இந்து வாழ்க்கை நோக்கைக் கிறிஸ்தவர்களுக்கு விளக்கியிருக்கமாட்டார். அதே ஆக்ஸ்ஃபோர்டின் பல்கலைக்கழகத்தில் 1936 முதல் கீழ்த்திசைச் சமயங்களுக்கான பேராசிரியராக இருந்திருக்கமாட்டார். வாதிட்டாலும் உறவு அறுந்துபோகாது என்பதை அவர் எங்கோ கற்றிருக்கிறார்.

ராதாகிருஷ்ணன் ஊரிசு கல்லூரியில் படித்த அதே ஆண்டுகளில், அதே வேலூரில், ஒரு மிஷனெரி வீட்டுப் பெண் மருத்துவமனை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ஐடா ஸ்கடர். நம் வாசகர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. ஆனால் அவர் கதையில் நாம் வழக்கமாக மேடையில் சொல்லும் பகுதி வேறு, இந்த இதழுக்குத் தேவையான பகுதி வேறு.

ஐடாவின் தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் குடியேறினார். பிறகு சென்னைக்கு வந்தார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக அந்தக் குடும்பமே ஆற்காட்டு வட்டாரத்தில் ஊழியம் செய்தது. ஐடா 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். சிறு வயதில் பஞ்சத்தில் வாடிய பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு குடும்பம் அமெரிக்கா போனது, அப்பா திரும்பி வந்தார், அம்மாவும் வந்தார், பதினான்கு வயது வாக்கில் பெண் மட்டும் சிக்காகோவில் உறவினர் வீட்டில் விடப்பட்டாள். அம்மா புறப்பட்டுப் போன இரவில் அவருடைய தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்கிறார்கள் வரலாறு எழுதியவர்கள். மிஷனெரி ஆவதில்லை என்று அவள் முடிவு செய்ததில் ஆச்சரியம் என்ன?

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கு உடல்நலமில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள்: பிரசவ வேதனையில் மனைவி, ஆண் வைத்தியர் வரக்கூடாது. மருத்துவரான அப்பா வீட்டிலேயே இருந்தும் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா மருத்துவம் படிக்கப் போய், 1900 ஜனவரியில் திரும்பி வந்தார். 1902-இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

மூன்று தட்டல்களை நாம் பிரசங்கிக்கிறோம். தலையணையைப் பிரசங்கிப்பதில்லை. அந்தப் பெண்ணைத் திருப்பியது வாலிபர் முகாமோ உருக்கமான அழைப்போ அல்ல. பக்கத்து வீதியில் நடந்த சாவு. ‘வேண்டாம்’ என்று சொல்லும் இடம் அவளுக்கு அதுவரை இருந்தது. அந்த இடத்தை நம் பிள்ளைகளுக்கு நாம் வைத்திருக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

கொடைக்கானலில் 1901-இல் பள்ளி தொடங்கியபோது அது வெள்ளைக்கார மிஷனெரிப் பிள்ளைகளுக்கானது. நம்முடைய மிஷனெரிகளின் பிள்ளைகளுக்கு டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா இருக்கிறது. வேறு விடுதிகளும் இருக்கின்றன. படிப்புக்கு வழி செய்துவிட்டோம். ஆனால் மே மாத விடுமுறையில் ஊருக்கு வரும் பிள்ளையைச் சபை சபையாகக் கூட்டிக்கொண்டு போய் மேடையேற்றும் வழக்கத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. பணித்தளத்து உடை ஒன்றை மாட்டி, அந்த மொழியில் ஒரு பாட்டுப் பாட வைத்து, கடைசியில் “சாட்சி சொல்லும்மா” என்று மைக்கைக் கையில் கொடுப்பது.

எல்லைப் பக்கத்தில் தெலுங்குக் கிராமங்களில் வேலை செய்யும் ஒரு குடும்பம். திருநெல்வேலிக்காரர்கள், திருத்தணியில் வாடகை வீடு. போன கோடையில் அவர்களோடு ஒரு சபைக்குப் போக வேண்டியிருந்தது. புறப்படும்போது பத்தாம் வகுப்பு முடித்த மகள் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: “எனக்கு இந்த வருஷம் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லப்பா.” அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். “சரிம்மா, நீ கீழே உக்காரு. நான் சொல்லிக்கிறேன்” என்றார். அந்தச் சபையில் சிலருக்கு ஏமாற்றம்தான். சாப்பாட்டு வேளையில் ஒரு பெரியவர், “பிள்ளை ஆவிக்குரிய விஷயத்துல கொஞ்சம் சோர்வா இருக்கோ, ஐயரே?” என்று அக்கறையோடு கேட்டார். “இல்லங்கய்யா, உண்மையா இருக்கா” என்று பதில் வந்தது. என் கணக்கில் அந்த ஆண்டின் சிறந்த வாலிபர் ஊழியம் அதுதான். படிவத்தில் எழுத முடியாது.

திருத்தணியில் இருப்பவர்களுக்கு இன்னொரு பாடமும் கிடைக்கிறது. ஊரின் காலண்டரே முருகன் மலையைச் சுற்றி ஓடுகிறது. ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடிகள் வாசலைத் தாண்டிப் போகும்; மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தைகள் அப்பா தோளில் தூங்கிக்கொண்டு வரும்; தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து கேட்கும். 1911 முதல் சித்தூர் மாவட்டத்தில் இருந்து 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் தமிழகத்தோடு சேர்ந்த ஊர். நம்முடைய பிள்ளையின் பள்ளித் தோழர்கள் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்கள் தண்ணீர் கேட்டு வாசலில் நின்றால் கொடுப்பதா, கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிப்பதா என்று சில ஊழியர் வீடுகளில் இன்னமும் விவாதம் நடக்கிறதாம். விவாதிக்க இதில் என்ன இருக்கிறது?

டிசம்பர் 31 இரவு இன்னும் கூர்மையானது. நாம் விழிப்பு ஆராதனைக்கு வாக்குத்தத்த அட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், மலையில் 365 படிகளுக்கும் பூஜை நடக்கும். படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுவார்கள். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் ஏற்படுத்திய வழக்கம் இது. ஆங்கிலப் புத்தாண்டுக்கு வெள்ளைக்காரத் துரைமார் வீட்டு வாசலில் எலுமிச்சம்பழத்தோடு நிற்பதைவிட, துரைகளுக்கெல்லாம் துரையான முருகனைப் போய்ப் பார்ப்போம் என்று அவர் அழைத்ததாக ஊரில் சொல்வார்கள். அந்தக் கதையில் நாமும் இருக்கிறோம் என்பதை ஊழியர்கள் கவனிக்க வேண்டும். மலையடிவாரத்திலிருந்து பார்க்கிறவருக்குக் கலெக்டர் துரையும் மிஷன் துரையும் ஒரே துரைதான். அந்த இரவில் படியடியில் நின்று துண்டுப்பிரதி கொடுப்பது தைரியம் என்று நினைக்கும் வாலிபர் குழுக்களுக்கு நான் வெளிப்படையாகச் சொல்கிறேன்: செய்யாதீர்கள்.

துரை வேஷம் நமக்கும் சுலபமாகப் பொருந்தும் என்பதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அடிப்படையில் அவர் வாலிபர் ஊழியர், ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகப் பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றியவர். 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கத்து மாணவர்கள் தங்கள் காசைச் சேர்த்துத் தொண்டிக்கு மிஷனெரி அனுப்பியிருந்ததைக் கண்டு வெட்கப்பட்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. பிறரை அனுப்பிவிட்டு இருக்க முடியாமல், 1909-இல் மனைவி அன்பு மாரியம்மாளோடு தாமே தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்குப் போனார். இருவரும் தெலுங்கு கற்றுக்கொண்டார்கள். அன்பு அம்மாள் ஊழியரின் மனைவிகளுக்குப் பாடம் எடுத்தார். 1910-இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளை மிஷனெரிகளின் முகத்துக்கு நேரே அசரியா கேட்டது நட்பை. எஜமான் உதவியை அல்ல. இன்று டாங்ஸில் இருக்கும் நம் வீட்டுத் திண்ணைக்கு ஒரு வாலிபன் செருப்பைக் கழற்றாமல் ஏறி வந்து உட்காருகிறானா, வாசலிலேயே கைகட்டி நிற்கிறானா? எடின்பரோ கேள்வி நம்மை நோக்கித் திரும்பிவிட்டது.

சட்டம் பற்றி இரண்டே வரி. குஜராத்தில் 2003-லும் ஜார்க்கண்டில் 2017-லும் மதமாற்றத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. சிறார் சம்பந்தப்பட்டால் தண்டனை கூடும். ஆனால் சட்டமே இல்லாத இடத்திலும், பெற்றோருக்குத் தெரியாமல் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கூட்டத்துக்கு அழைப்பது ஊழியம் ஆகாது. நம் மகளை இன்னொருவர் அப்படி அழைத்துப் போனால் நாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருப்போம்.

எனவே ஆசிரியர் குழு கூடி முடிவெடுத்திருக்கிறது. அடுத்த இதழிலிருந்து பணித்தளச் செய்திகள் பகுதியில், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் ‘தீர்மான’ எண்ணிக்கை அச்சாகாது. மிஷனெரிப் பிள்ளைகளின் சாட்சிகள், அவர்களே விரும்பி, தங்கள் கையால் எழுதி அனுப்பினால் மட்டுமே வரும்; பெற்றோர் எழுதிக் கொடுப்பவை வேண்டாம். அந்தக் காலியிடத்தில், உங்கள் தளத்து வாலிபர்கள் கேட்ட கேள்விகளை வெளியிடப் போகிறோம். பதிலோடு சேர்த்து அனுப்ப வேண்டியதில்லை. ஏற்கெனவே அனுப்பப்பட்ட முகாம் படங்களில் பிள்ளைகளின் முகம் தெரிபவற்றைத் திருப்பி அனுப்புகிறோம். தபால் செலவு எங்களுடையது.